மூன்று பக்கம்: மலேசிய நான்காம் ஆண்டுப் பாடநூலில் ஜாவி நுழைந்த கதை

2019 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை. ஒரு தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். பேச வேண்டியவை இரண்டுதான்: ஒழுகும் கூரை, விளையாட்டுப் போட்டிக்கான செலவு. இரண்டையும் யாரும் தொடவில்லை. எல்லோர் வாயிலும் இன்னும் கைக்கு வராத ஒரு புத்தகம்தான். 2020 ஜனவரியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவிருந்த மலாய்மொழிப் பாடநூல் அது. அதில், அரபு எழுத்திலிருந்து வந்த மலாய் எழுத்துமுறையான ஜாவியின் 'காட்' எனப்படும் வனப்பெழுத்துக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற செய்தி அப்போதுதான் பரவியிருந்தது.

"எம்பொண்ணுக்கு மலாய்க் கட்டுரையே தள்ளாடுது. இதுல இன்னொரு எழுத்தா?" என்றார் ஓர் அம்மா. லோரி ஓட்டும் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரிங்கிட் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுலயும்தான் ஜாவி இருக்கு. பொறந்ததுலேருந்து பாக்குறோம். யாருக்கு என்ன ஆயிப்போச்சு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மெதுவாகச் சொன்னார்: "நோட்டுல இருக்குறத யாரும் படிச்சுக் காட்டுன்னு கேக்க மாட்டாங்க தம்பி. புத்தகத்துல ஏறிட்டா நாளைக்குச் சோதனையில வரும்."

மூன்று பேர் சொன்னதும் சரிதான். அப்படியும் அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு மாநாட்டை நீதிமன்றம் தடுத்தது; அடுத்த ஆண்டு பிறந்ததுமே கல்வி அமைச்சர் பதவி விலகினார். பத்து வயதுப் பிள்ளையின் புத்தகத்தில் சில பக்கங்கள் இவ்வளவு தூரம் போக முடியுமா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். மலேசியாவில் போகும். ஏன் என்று பார்ப்பதற்காகத்தான் இந்த ஆய்வு. என் கணிப்பில் இந்த விவகாரத்தில் ஜாவியின் பங்கு குறைவு. புத்தகம் எழுதிய அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யாரை வெளியே நிறுத்திவைத்து முடித்தபிறகு காட்டினார்கள் என்பதன் பங்குதான் அதிகம்.

ஒரு பாடத்திட்டம், மூன்று வகைப் பள்ளி

மலேசியத் தொடக்கப்பள்ளி அமைப்பைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலாய் வழியில் நடப்பது தேசியப் பள்ளி. சீன வழியிலும் தமிழ் வழியிலும் நடப்பவை தேசிய வகைப் பள்ளிகள். சீனப்பள்ளிகள் சுமார் 1,300. தமிழ்ப்பள்ளிகள் 500-க்குச் சற்று மேல். 1956-இல் வந்த ரசாக் அறிக்கை போட்ட கணக்கு இது: பயிற்று மொழி வேறாக இருக்கட்டும், பாடத்திட்டம் ஒன்றாக இருக்கட்டும். அந்தக் கணக்குதான் இன்றுவரை ஓடுகிறது. எனவே தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் வரலாறும் தமிழில் நடந்தாலும், எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவாவது கல்வி அமைச்சில்.

மலாய்மொழிப் பாடத்தில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. தேசியப் பள்ளிக்கு ஒரு புத்தகம். மலாய் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளுக்காகச் சீனப்பள்ளிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் பொதுவாக இன்னொரு புத்தகம். 2019-இல் தகராறு வந்தது இந்த இரண்டாவது புத்தகத்தில். ஈப்போவில் படிக்கும் சீனப் பிள்ளையும் சுங்கை சிப்பூட்டில் படிக்கும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பக்கத்தைத் திறக்கும் அபூர்வமான இடம் அது. அதனால்தான் சீனர் அமைப்புகளும் தமிழர் அமைப்புகளும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தன. வழக்கமாக அவை தத்தம் வழியில் போகிறவை.

பாடநூல் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே புத்தகங்கள் இரவலாகத்தான் தரப்படுகின்றன. 1975-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இத்திட்டம் 2008 முதல் எல்லோருக்குமானது. ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, கிறுக்காமல் வைத்திருந்து, ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளட்டையில் யார் எந்த ஆண்டு எடுத்தார்கள் என்று எழுதும் கட்டம் இருக்கும். ஒரே புத்தகம் பல கைகள் மாறும். ஆக, ஒரு பதிப்பில் ஏறியது ஓர் ஆண்டோடு போகாது. பாடத்திட்டமே மாறும்வரை நிற்கும். "ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கலாம்" என்று பெற்றோரால் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் 1983-இல் ஒருமுறை, 2011-இல் ஒருமுறை பெரிய அளவில் மாறியது. 2011-இல் வந்ததைத் திருத்தி 2017-இல் முதலாம் ஆண்டிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 2018-இல் இரண்டாம் ஆண்டு, 2019-இல் மூன்றாம் ஆண்டு, 2020-இல் நான்காம் ஆண்டு. காட் இருந்தது நான்காம் ஆண்டுப் பகுதியில். அது வரையப்பட்டது முந்தைய ஆட்சியில் என்று அமைச்சு பிறகு விளக்கியது. 2018 மேயில் ஆட்சி மாறியது. வந்தவர்கள் பழைய பாடத்திட்டத்தை அப்படியே கையில் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தாலும் இது வெடிக்கும் என்று தோன்றியிருக்காது போலும்.

ஆறு மூன்றானது

2019 ஜூலைக் கடைசியில் செய்தி வெளியானது. முதல் நாள் செய்தியிலேயே 'காட்' என்ற சொல் இருந்தது. மற்ற எல்லாம் அந்தச் சொல்லிலிருந்து முளைத்தது.

காட்டும் ஜாவியும் ஒன்றல்ல. ஜாவி ஓர் எழுத்துமுறை. அரபு எழுத்தை எடுத்து, மலாய் ஒலிகளுக்கு ஏற்பச் சில எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. காட், அந்த எழுத்தை அழகுபட வரையும் கலை. பள்ளிவாசல் சுவரில், குர்ஆன் வசனச் சட்டகத்தில் பெரும்பாலோர் கண்டிருப்பது காட். அமைச்சு இதை மலாய்மொழியின் கலைக்கூறு என்று பார்த்தது. சீனப் பெற்றோரும் தமிழ்ப் பெற்றோரும் சமயம் என்று பார்த்தார்கள். சட்டையைப் பார்த்து ஆளை முடிவு செய்வதுபோலத்தான் இது. ஆனால் அந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்து மாட்டியவர்கள் பாடத்திட்டக்காரர்கள்.

எதிர்ப்பு ஆளுங்கூட்டணிக்குள்ளிருந்தும் வந்தது. ஜனநாயகச் செயல் கட்சியின் அடிமட்டத் தலைவர்கள் பலர், கட்சியின் அமைச்சர்கள் சொன்ன சமாதானத்தை ஏற்கவில்லை. ஆகஸ்டு 8-ஆம் தேதி அமைச்சு ஒரு நடுவழியைச் சொன்னது: ஆறு பக்கம் மூன்றாகக் குறையும், சோதனையில் வராது, சொல்லிக்கொடுப்பதா வேண்டாமா என்பதை ஆசிரியரே முடிவு செய்யலாம். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு ஆசிரியர்கள்மேல் இரக்கம்தான் வந்தது. நாடே அடித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை, கிளந்தானில் எங்கோ ஒரு சீனப்பள்ளியில் வேலை பார்க்கும் மலாய்க்கார டீச்சர் தலையிலோ, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் மலாய் எடுக்கும் நம் ஆள் தலையிலோ தூக்கி வைப்பதா? சொல்லிக்கொடுத்தால் பெற்றோர் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் வேறு யாராவது கேட்பார்கள்.

அதிகம் பேர் கேட்டிருப்பார்கள்போல. ஒரு வாரத்துக்குள் அமைச்சரவை மறுபடி மாற்றியது. பெயர் இனி காட் அல்ல, ஜாவி எழுத்து அறிமுகம். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பெற்றோரும் சம்மதித்தால்தான் நடத்தலாம். இதற்கிடையே சீனப்பள்ளி நிர்வாகக் குழுக்களின் கூட்டமைப்பான டோங் சோங், இதை அடியோடு எடுக்க வேண்டும் என்று நின்றது. பிரதமர் மகாதீர் அந்த அமைப்பை இனவாத அமைப்பு என்றார். இன்னொரு பக்கம், மூன்று பக்கம் ஜாவிக்கே இத்தனை எதிர்ப்பா என்று மலாய் அமைப்புகள் கொதித்தன. அதே ஆகஸ்டில்தான் இஸ்லாமிய மதபோதகர் ஜாகிர் நாயக், மலேசியச் சீனரையும் இந்துக்களையும் பற்றிக் கோத்தா பாருவில் பேசிய பேச்சும் வந்து விழுந்தது. அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, அதன்மேல் எண்ணெய். அதன்பிறகு எந்தப் பேச்சும் பாடநூலைப் பற்றியதாக இல்லை.

ஆண்டு முடிவில் வழிகாட்டிக் குறிப்பு வெளியானது. பாதிக்கு மேற்பட்ட பெற்றோர் ஒப்புக்கொண்டால் அந்தப் பள்ளியில் நடத்தலாம் என்றது அது. டோங் சோங் உடனே ஒரு ஓட்டையைக் காட்டியது: பள்ளி நிர்வாகக் குழுவைக் கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. சீனப்பள்ளிகளில் நிர்வாகக் குழு என்பது பெயருக்கு இருப்பதல்ல. நிலம் வாங்கிக் கொடுத்ததும், கட்டடம் கட்டியதும், ஆசிரியருக்குச் சம்பளம் போட்டதும் பல இடங்களில் அவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் பெற்றோரிடம் நேராகப் போவது, வீட்டுப் பெரியவரைத் தாண்டிக்கொண்டு போய்ப் பெண் கேட்பதுபோல. தமிழ்ப்பள்ளி நிலைமை வேறு. தோட்ட நிர்வாகம் நடத்திய காலத்திலிருந்து வந்தவை பல. சொத்தும் பலமும் உள்ள நிர்வாகக் குழு எல்லாப் பள்ளிக்கும் வாய்க்கவில்லை. நமக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம்தான் எல்லாம். அதனால் அந்த ஓட்டை நம் பக்கத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

டிசம்பர் 28-ஆம் தேதி, டோங் சோங்கும் சீனப்பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்த டோங் ஜியாவ் சோங் கூட்டவிருந்த மாநாட்டை, போலீஸ் நீதிமன்ற ஆணை வாங்கி நிறுத்தியது. 2020 ஜனவரி 2-ஆம் தேதி அமைச்சர் மஸ்லீ மாலிக் பதவி விலகுவதாக அறிவித்தார். அவர் போனதற்கு ஜாவி ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வேறு பிணக்குகளும் இருந்தன. பிப்ரவரியில் அந்த அரசே கவிழ்ந்தது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. இவ்வளவு சண்டைக்குக் காரணமான புத்தகத்தைத் திறக்க வேண்டிய பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மாவின் கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியே பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினைந்து பேரும் பாதிப் பேரும்

இனி, எங்கே சறுக்கியது என்பது. பலரும் சொல்வது: சரியாக விளக்கவில்லை, தகவல் தொடர்பு போதவில்லை. எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. விளக்கம் நிறையவே வந்தது. துணையமைச்சர் தியோ நீ சிங் ஊர் ஊராக விளக்கிக்கொண்டுதான் இருந்தார்.

1996 கல்விச் சட்டத்தைப் பாருங்கள். தேசியப் பள்ளியில் தமிழோ சீனமோ ஒரு பாடமாக வேண்டுமென்றால், குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டும். கேட்டால் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆசிரியர் கிடைப்பாரா, அட்டவணையில் மணி கிடைக்குமா என்பது அப்புறம் வரும் கதை. பல பெற்றோர் அந்தக் கதையிலேயே களைத்துப் போவார்கள். சரி, இதை ஜாவிக்குப் போட்ட விதியோடு வைத்துப் பாருங்கள். தமிழ் வேண்டும் என்றால் நாம் போய்க் கேட்க வேண்டும். ஜாவி புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகி இருக்கும். பெற்றோர் சம்மதத்தை அதன்பிறகு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு விதியும் தனித்தனியே நியாயமாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எந்தப் பண்பாடு வீட்டுக்காரர், எது விருந்தாளி என்று புரியும்.

ஜாவியைத் தமிழ்ப் பிள்ளைக்குக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. நாட்டுச் சின்னத்தின் அடியில் ஓடும் நாடாவில் 'பெர்செகூத்து பெர்தம்பா மூத்து' (ஒற்றுமையே பலம்) என்ற வாசகம் ரோமன் எழுத்திலும் ஜாவியிலும் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை குடிமகனாக வளர்வது பெருமையா என்ன? ஆனால் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று பெயர் வைத்தால் இரண்டு பக்கமும் வண்டி ஓட வேண்டும். அந்த ஆறு மாதத்தில் நான் கேட்ட எந்த மேடையிலும், தேசியப் பள்ளிப் புத்தகத்தில் தமிழ் எழுத்துக்கும் சீன எழுத்துக்கும் மூன்று மூன்று பக்கம் கொடுப்போமே என்று அரசுத் தரப்பில் ஒருவரும் சொல்லிக் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் எதிர்ப்பின் பாதி அங்கேயே அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு வேறு மருந்து வேண்டும். நம் பக்கத்திலும் வெறும் வெறுப்பை மொழிப்பற்று என்று சொல்லி விற்றவர்கள் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சிற்றுண்டிச்சாலையிலேயே ஒருவர், ஜாவி படித்தால் பிள்ளை மதம் மாறிவிடும் என்றார். ரிங்கிட் நோட்டு அப்போதும் மேசைமேல்தான் இருந்தது.

மலேசியப் பாடநூல்களில் பன்மைப் பண்பாடு என்றால் வழக்கமாக ஒரு படம்தான். மூன்று பிள்ளைகள் கைகோத்து நிற்பார்கள். அலி, ஆ சோங், முத்து. பாஜு மெலாயு, சீன உடை, ஜிப்பா. நோன்புப் பெருநாளுக்குக் கெத்துபாட், சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு, தீபாவளிக்கு முறுக்கு. இதில் தப்பு ஒன்றுமில்லை. நானும் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன்தான். முறுக்கு சுடும் முத்துவைப் பார்த்து எனக்குச் சின்ன வயதில் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் சரவாக்கின் ஈபான் பிள்ளைக்கும் சபாவின் கடசான்டூசுன் பிள்ளைக்கும் இடம் கிடைக்க வெகு காலம் ஆனது. தீபகற்பத்துப் பழங்குடியான ஓராங் அஸ்லி பிள்ளைக்கு இன்னும் குறைவு. இன்றைக்கும் பல விண்ணப்பப் படிவங்களில் இனம் என்ற இடத்தில் மலாய், சீனர், இந்தியர் என்று மூன்று கட்டம். நான்காவது கட்டம் 'லாயின்-லாயின்'. மற்றவை. ஒரு முழு மக்கள் கூட்டத்துக்கு அந்தப் பெயர். அலியும் ஆ சோங்கும் முத்துவும் அந்தப் படத்தில் ஒன்றாக நிற்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்து ஒன்றுமே கேட்பதில்லை. முத்துவின் தாத்தா எப்படி வந்தார் என்று அலிக்குத் தெரியாது. அலியின் மொழியில் முத்துவின் சொல் எத்தனை இருக்கிறது என்று முத்துவுக்கே தெரியாது.

இந்த மாதிரிச் சண்டை இது முதல் தடவையும் இல்லை. 2011-இல் இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவ மலாய் இலக்கியத்துக்கு வைத்த ஒரு நாவலில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களைச் சாதிப் பெயரால் குறித்த பகுதிக்கு எதிராகத் தமிழர் அமைப்புகள் கிளம்பின. குழு போட்டார்கள், திருத்தம் பேசினார்கள், ஆண்டு முடிவில் புத்தகத்தையே எடுத்துவிட்டார்கள். அன்றும் வரிசை இதேதான்: முதலில் அச்சு, பிறகு கூச்சல், அப்புறம் குழு. கலந்துபேசுவது எப்போதும் தீயணைப்பு வண்டிபோலக் கடைசியில்தான் வருகிறது. அப்படி வரும் குழுவால் வெட்டத்தான் முடியும். புதிதாக ஒன்றை எழுதிச் சேர்க்க முடியாது. 2019-இலும் நடந்தது அதுதானே? ஆறு மூன்றானது. அந்த மூன்றில் என்ன இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால்

கேட்டிருந்தால் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார்? என் பதில் இது.

அரபு எழுத்து மலாய்க்கு வந்தபோது அதில் இல்லாத ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைப் புதிதாக உண்டாக்கினார்கள். 'ச' (ch), 'ங', 'ப', 'க' (g), 'ஞ' போன்ற ஒலிகள். இந்தப் பட்டியலைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையிடம் காட்டினால் சிரிக்கும். அரபுக்குப் பஞ்சமாக இருந்தவை எல்லாம் தன் 247-க்குள் முதல் வகுப்பிலேயே வந்துவிட்டவை. 'ங' என்ற எழுத்தை வைத்துக்கொண்டு தமிழில் 'ஙப்போல் வளை' என்பதற்குமேல் என்ன செய்வதென்று நமக்கே தெரியாது. மலாயில் அந்த ஒலியில்தான் சொல்லே தொடங்குகிறது. வாய் பிளந்து நிற்பதற்கு மலாயில் 'ஙாங்ஙா'. இதை ஒரு பக்கத்தில் போட்டிருந்தால் ஜாவி அந்நியமாகத் தெரியாது. விளையாட்டாகத் தெரியும்.

இதே வேலையை நம் ஆட்களும் செய்திருக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்து அரபுத்தமிழ் எழுதினார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கைக் கரையிலும் அதில் சமய நூல்கள் எழுதினார்கள். ஜாவியும் அரபுத்தமிழும் ஒரே கடலின் இரண்டு கரையில் நடந்த ஒரே யோசனை.

அடுத்து, முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று மலேசியப் பிள்ளை எல்லோரும் மனப்பாடம் செய்யும் பெயர். மலாக்காவில் 1796-இல் பிறந்தவர். அரபு, தமிழ் வழி வந்த குடும்பம். அப்பா அவரைச் சின்ன வயதில் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்கா வணிகக் கணக்கில் அந்தக் காலத்தில் தமிழுக்கு அவ்வளவு வேலை இருந்தது. அவர் எழுதிய தன்வரலாறு 1849-இல் கல்லச்சில் ஜாவி எழுத்தில் வந்தது. தமிழ் படித்த பையன் ஜாவியில் எழுதி மலாயின் முன்னோடியானான். நான்காம் ஆண்டில்தான் பிள்ளைகள் வரலாற்றையும் தனிப்பாடமாகத் தொடங்குகிறார்கள். மலாக்கா சுல்தானகம் அந்தப் புத்தகத்தில் வரும். அங்கிருந்து இங்கே ஒரு நூல் கட்டுவது பெரிய காரியமா?

இன்னும் ஒன்று. மலாயில் வந்த முதல் செய்தித்தாள் 1876-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதன் பெயரே 'ஜாவி பெரனாக்கான்'. நடத்தியவர்கள் இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்து வந்த சமூகத்தினர். அவர்களில் தமிழ் வேர் உள்ளவர்கள் நிறைய. ஜாவி எழுத்தில் அச்சான அந்தத் தாளின் பெயரே அவர்களுடைய இனப்பெயர். பாடத்திட்டக்காரர்கள் இந்தக் கதையை வைத்திருந்தால், எங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று "இது நம்ம எழுத்து இல்ல" என்று சொன்னவர் கொஞ்சம் யோசித்திருப்பார்.

மலாய்ச் சொற்களைக் கேட்கவே வேண்டாம். கப்பல் 'காப்பால்', கடை 'கெடாய்', கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி', முதல் 'மோடால்'. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் சொல்லுக்குச் சும்மா இருப்பார்கள். இரண்டாவதில் ஒருவன் நிமிர்வான். ஐந்தாவதில் வகுப்பே கத்தும். பிறகு அவர்களே தேடிக்கொண்டு வருவார்கள், பாதி தப்பாக. 'மாக்கான்' தமிழ்தானே சார், மக்கு மாதிரி இருக்கே என்று ஒரு பையன் கேட்டான். சாப்பிடு என்று அர்த்தம், மக்கு இல்லை என்று விளக்க வேண்டியதாயிற்று.

இவை எதுவும் ரகசியம் அல்ல. பல்கலைக்கழகங்களில் இதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மலாய்மொழிப் பாடக்குழுவுக்கு மலாய்மொழி வல்லுநர்கள் போகிறார்கள். தமிழ்ப்பாடக் குழுவுக்குத் தமிழாசிரியர்கள் போகிறார்கள். இரண்டு குழுவும் சந்திப்பது கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான். முத்துவின் முறுக்கை மலாய்க் குழு எழுதும்; அலியின் கெத்துபாட்டைத் தமிழ்க் குழு எழுதும். இரண்டும் கேள்விப்பட்ட கதையாகவே இருக்கும். நம் தமிழ்ப் பாடநூலில் வரும் மலாய்க்கார நண்பன் மட்டும் என்ன, பெருநாளுக்கு வீட்டுக்கு அழைப்பதைத் தவிர வேறு வேலை செய்கிறானா?

அதன்பிறகு

சண்டை பாடநூலோடு நிற்கவில்லை. தாய்மொழிப் பள்ளிகளே அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று 2019-இலேயே சில அமைப்புகள் நீதிமன்றம் போயின. அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு மலாயைத் தேசியமொழி என்கிறது. வேறு மொழிகளைக் கற்பிப்பதையும் கற்பதையும் யாரும் தடுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. கற்பிப்பது என்றால் பாடமாகவா, பயிற்று மொழியாகவா என்பது வழக்கு. 2021 டிசம்பர் 29-ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் பள்ளிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். அந்த 'ஒன்று' பல தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்குத் தூக்கம் கெடுத்த எண். 2024-இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்ததோடு அது ஓய்ந்தது.

இதற்கிடையில் புதிய பள்ளிப் பாடத்திட்டத்தை 2027-இல் தொடங்கும் வேலை வந்துவிட்டது. மறுபடி குழுக்கள், மறுபடி வரைவுகள். இந்தத் தடவை யார் எந்த அறையில் உட்கார்கிறார்கள் என்று எங்கள் சங்கத் தலைவர் வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது கேட்கிறார். யாராவது ஒரு கட்டைவிரல் போடுவார்கள். அவ்வளவுதான்.

பள்ளிகள் திறந்து சில காலம் கழித்து, ஆண்டு முடிவில் இரவல் புத்தகங்களைச் சரிபார்க்க உதவிக்குப் போனேன். நான்காம் ஆண்டு மலாய்ப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளட்டைக் கட்டத்தில் இரண்டு பெயர்கள். பிளாஸ்டிக் உறை ஓரத்தில் மஞ்சள் படிந்திருந்தது. கட்டுரைப் பயிற்சிப் பக்கங்கள் எண்ணெய்க் கை பட்டு மொறமொறத்தன. ஒரு பக்கத்தில் மைலோ கறை. ஜாவிப் பக்கங்கள் மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி விறைப்பாக இருந்தன. நாட்டுச் சின்னத்துப் படத்துக்கு மட்டும் யாரோ வந்து போயிருந்தார்கள். கேடயத்தின் இருபக்கமும் நிற்கும் இரண்டு புலிக்கும் பென்சிலில் மூக்குக்கண்ணாடி. திருப்பிக் கொடுக்கும்முன் டீச்சர் அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். இடதுபக்கப் புலிக்கு நன்றாகவே போய்விட்டது, வலதுபக்கத்துக்கு இன்னும் லேசாகத் தெரிந்தது.